மாப்பிள்ளையின் மெயில் முகவரி

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையதல்ல, எங்கள் அலுவலக மெயில் சர்வரை எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் விட்டுப்போனது. திருத்த வேண்டியவன் மட்டும் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சர்வர் அறையில்—’ [மழையே இல்லை. ஏசி குளிரில் விரல் விறைத்தது மட்டும் உண்மை.]

2

விஷயம் இதுதான். மெயில் வந்தால், ‘இந்தப் பெயரில் இங்கே ஆள் உண்டா?’ என்று சர்வர் டேட்டாபேஸைக் கேட்கும். வேலையில் இருப்பவருக்கு ‘ஆம்’, விட்டுப்போனவருக்கு ‘இல்லை’ என்று பதில் வரும்படி முன்னவர் எழுதிவைத்திருந்தார். பாவம், சர்வருக்குப் பதிலின் பொருள் தெரியாது. எந்தப் பதில் வந்தாலும் ஆள் உண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றுமே வராவிட்டால்தான் மெயிலைத் திருப்பி அனுப்பும். ஆக, போனவர்களுக்கெல்லாம் மெயில் சேர்ந்துகொண்டே இருந்தது. குப்பை மெயிலால் டிஸ்க் நிரம்பிவிட்டது.

“எனக்குக் கதை வேணாம். இன்னைக்கே சரி பண்ணுங்க” என்றார் மேனேஜர்.

3

வந்த மெயில்களைப் பதிந்துவைக்கும் லாகைப் பார்த்தபோது ஒரு முகவரிக்கு மட்டும் குப்பையல்லாத மெயில்கள். பெறுநர் இதே அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தவர். போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அனுப்புநரை ‘யாரோ ஒரு மனைவி’ என்று எழுதப் பார்த்தேன். அப்படி எழுதுவது எனக்குச் சுலபம். வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். அவள் என் தங்கை. அவர் என் மாப்பிள்ளை.

(மெயில்களைத் திறக்கவில்லை. நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.)

4

அவளுக்குப் போன் செய்தேன்.

“யாரும் படிக்கலன்னு தெரியும்ணா. ஆனா திரும்பி வரலையே. எனக்கு அது போதும்.”

“இன்னைக்குச் சரி பண்ணிட்டா திரும்பி வரும்மா.”

“என்னன்னு வரும்?”

“‘அப்படி யாரும் இல்ல’ன்னு.”



“ஆஸ்பத்திரியில எல்லாரும் ‘வா, வீட்டுக்குப் போலாம்’னுதான் சொன்னீங்க. நீயும்தான். அவர் போயிட்டாருன்னு ஒருத்தர்கூட என்கிட்ட வாயால சொல்லல. மெஷின் சொல்ல வேணாம்ணா. நீ வந்து சொல்லு. அப்புறம் சரி பண்ணு.”

5

கதைக்கு ஒரு முடிவு: அவர் பெயரை மட்டும் பழையபடி விட்டுவிட்டு மற்றதைத் திருத்துகிறேன். அவள் ஆயுசுக்கும் எழுதிக்கொண்டிருப்பாள். [இது பாசமா, கோழைத்தனமா? எனக்கே பிடிபடவில்லை.]

இன்னொன்று: அவள் வீட்டுக்குப் போகிறேன்.

திருத்திய வரி திரையில் தயாராக இருக்கிறது. பைக் சாவி கையில் இருக்கிறது. அவள் கதவைத் திறந்ததும் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன்.

‘அம்மாடி, மாப்பிள்ளை—’

‘இங்க பாரும்மா, அவர் இனிமே—’

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நீங்களாவது முடித்துக் கொடுங்கள். அவள் வாசலுக்கு வந்து நின்றிருப்பாள்.