சிவப்புப் படகின் பேட்டரி

"உப்பியிருந்துச்சா, இல்ல லேசா மேடு தட்டியிருந்துச்சா? முதல்ல அதைச் சொல்லு."

"நான் எங்க பாத்தேன் மாமா? போன்லதான் சொன்னாரு."

"என்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லு."

"'தலகாணி மாதிரி ஆயிடுச்சு'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே."

கேட்டவர் கண்களை மூடிக்கொண்டார். வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே அவரும் அவளும் நின்றிருந்தார்கள். அவர் அவளுடைய அப்பாவின் நண்பர். உயரமாக, ஒல்லியாக, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதால் எல்லோருக்கும் அவர் ஆண்டெனா. அவர்களுக்குப் பின்னால், கூடத்துக் கட்டிலில் அப்பா கிடந்தார். காலையில் வேலை மேசை முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே தலையைக் கவிழ்த்துவிட்டார். அம்மா காப்பி கொண்டுபோனபோது சாலிடரிங் கருவியின் முனை இன்னும் சூடாக இருந்ததாம். அதன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அவள் அவர் தோளைத் தொட்டிருக்கிறாள்.

மாலையில் அவரை எடுத்துப்போக வண்டி வரும். அதுவரை வீடு முழுக்க மனிதர்கள்.

"தூக்கிப் போட்டுத் தொலைடான்னு போன வாரமே சொன்னேன்," என்றார் ஆண்டெனா. "கேட்டானா? 'இந்த பேட்டரி போட்டாதாண்டா சிவப்புப் படகு பறக்குது, ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பாக்குறேன்'னான். எங்க கூட்டத்துல எல்லாரும் பண்ற தப்புதான். நானும் பண்ணியிருக்கேன். உப்பினது தெரியும், ஆனா மனசு வராது."

அவளுக்கு அதெல்லாம் தெரியும். ரிமோட்டில் ஓடும் பொம்மைப் படகுகளுக்குப் போடும் அந்தத் தட்டையான பேட்டரிகள் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். பழசானால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். உப்பிய ஒன்றை முழுதாகச் சார்ஜ் ஏற்றி எங்காவது போட்டுவைத்தால், அழுத்தினாலோ குத்தினாலோ, சில சமயம் எதுவுமே செய்யாவிட்டாலும்கூட, சீறிக்கொண்டு பற்றிக்கொள்ளும். அவள் பள்ளியில் படித்த காலத்தில் அப்படித்தான் ஒரு திரைச்சீலை எரிந்தது. மேற்கூரையில் அந்தக் கரி இன்னும் இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் மெதுவாகத் திரும்ப வந்துவிட்டது. அன்று அம்மா கத்தவில்லை. "படகு வெச்சுக்கோங்க, லாரி வெச்சுக்கோங்க, பறக்குறதை வெச்சுக்கோங்க. பேட்டரி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். அப்பா சத்தியம் செய்தார். பேட்டரிகள் எல்லாம் ஆண்டெனா வீட்டுக் கொட்டகைக்குப் போயின. கொஞ்ச காலம் கழித்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அது மகளுக்குத் தெரியும், ஆண்டெனாவுக்குத் தெரியும். நேற்று மாலை போனில், "அம்மா காதுல மட்டும் போட்டுடாத," என்றார் அப்பா. அவள் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டிருந்தது. "சரிப்பா, வெளில போட்டுடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"உங்கம்மாகிட்டயே கேட்டுடலாமே?"

"வேணாம்."

"பாப்பா, உள்ள அத்தனை பேர் இருக்காங்க..."

"வேணாம் மாமா. இன்னிக்கு வேணாம்."

திறந்த கதவு வழியே அம்மா தெரிந்தாள். கட்டிலின் தலைமாட்டில், நாற்காலியின் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல. அப்பா செய்த சத்தியம் பொய் என்று இன்றைக்கு அவளுக்குத் தெரிந்தால், மாலை வரை அவள் அவரோடு அல்ல, அந்தப் பொய்யோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீங்க வெளில பாருங்க. ஸ்கூட்டர் பெட்டி, மாடிப்படிக்குக் கீழ. நான் ரூம்ல பாக்குறேன்."

அப்பாவின் அறையில் சித்தப்பா இருந்தார். சுவரில் பிளக் தேடி வந்தவர், தன் போனைச் சொருகிவிட்டு அலமாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, ஒரு போக்குவரத்துக் கழகமே நடத்தியிருக்கான் எங்கண்ணன். எங்கிட்ட ஒரு நிஜ வண்டிகூடக் கிடையாது." அவர் சிரிக்கப் பார்த்தார், முகம் வேறெங்கோ போய்விட்டது. கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டார்.

அவருடைய போனுக்குப் பக்கத்தில் அப்பாவின் சார்ஜர் இருந்தது. அதன் சின்னத் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது, முழுதாக நிறைந்தது என்று காட்டியது. இரண்டு ஒயர்களின் நுனியிலும் ஒன்றுமில்லை.

சார்ஜ் ஏற்றியிருக்கிறார். முழுதாக ஏற்றி, கழற்றி, எங்கோ வைத்திருக்கிறார்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. அப்பாவோட மூக்குக்கண்ணாடி."

"அது அவன் முகத்துலதானே இருக்கு?"

"இன்னொண்ணு."

பிஸ்கட் டப்பாதான் வழக்கமான இடம். அதில் மற்ற பேட்டரிகள் சமர்த்தாக அடுக்கியிருந்தன, எல்லாம் தட்டை. லாரியை எடுத்தாள். பாறை ஏறுவதற்காக அப்பா மாற்றிக் கட்டிய லாரி அது. கனம் வேண்டும் என்று திரைச்சீலையின் அடியில் தைக்கும் ஈயத் துண்டுகளைப் பிரித்துச் சக்கரங்களுக்குள் ஒட்டியிருந்தார். மேல்கூட்டைக் கழற்றினாள், காலி. ட்ரோனின் பையைத் திறந்தாள். உடைந்த கைக்குப் பதிலாக ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பு. அது பறக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். "பரவால்ல, எங்க ஆண்டெனாவும் அப்படித்தான் நடக்குறான்," என்பார்.

சிவப்புப் படகு மேல் தட்டில் இருந்தது. மோட்டாரைக் குளிர்விக்க மீன் தொட்டிக் குழாயை வெட்டி அவர் உள்ளே ஓட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது குளத்தைக் கிழித்துக்கொண்டு போகும், திருப்பத்தில் கவிழும். அப்போது அப்பா பதறமாட்டார். தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி எறிந்து, மெல்ல மெல்ல இழுப்பார். பந்து படகை அணைத்துக்கொண்டு கரைக்கு வரும். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. அவளுக்குப் படகு ஓடுவதைவிட அது திரும்பி வருவதுதான் பிடிக்கும்.

படகின் மூடியைத் திறந்தாள். பேட்டரி உட்காரும் குழி காலியாக இருந்தது.

இனி மூக்குதான் வழி. கசியும் பேட்டரிக்கு ஓர் இனிப்பு வாசனை உண்டு. நகப்பூச்சைப் போல, பழைய மிட்டாய்க் காகிதத்தைப் போல. ஆனால் கூடம் முழுக்க பூக்கள், பவுடர், ஈரக் கைக்குட்டைகள், யாரோ கொண்டுவந்த ஆப்பிள்கள். அவள் சுவரோரமாக நடந்தாள். நாற்காலிகளுக்குப் பின்னால் குனிந்தாள். அழுதுகொண்டிருந்த ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளருகே அந்த வாசனை அடித்தது போலிருக்க, இன்னும் கிட்டே போனாள். அந்தப் பெண் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். நல்ல சென்ட். பேட்டரி இல்லை.

கட்டிலின் அடியில் பார்த்தாளா? பார்க்கவில்லை. கீழே விழுந்ததை எடுப்பவளைப் போல மண்டியிட்டாள். ஒரு ஜோடி செருப்பு, தூசி. தூசியில் யாரோ கையால் துழாவிய தடம் அகலமாக இருந்தது. நிமிர்ந்தபோது அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டெனா பின்வாசல் வழியாகத் தலையை நீட்டி உதட்டைப் பிதுக்கினார். பிறகு தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அவசரத்தில் அப்பா எதையும் சட்டைப் பையில்தான் போடுவார்.

"அத்தை," என்று அடுக்களைக்கு ஓடினாள். அப்பாவின் அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்பா காலைல போட்டிருந்த சட்டை எங்க?"

"அதுவா? வேற மாத்தி விட்டாங்கல்ல. அழுக்கா கிடந்துச்சு, எல்லாத்தையும் மிஷின்ல போட்டுட்டேன். சும்மா உக்காந்தா தாங்க முடியலடி."

துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒன்று டொக், டொக் என்று இடித்தது.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். இயந்திரம் நிற்பதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டது. கதவு உடனே திறக்கவில்லை. திறந்ததும் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. கட்டம் போட்ட சட்டையை இழுத்தெடுத்தாள். பையில் கையை விடுவதற்கு முன் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். விரல்களில் பட்டது சின்னதாக, கெட்டியாக, சில்லென்று இருந்தது. படகு விசிறியின் நட்டு. இடித்தது அதுதானா, அல்லது பெல்ட்டின் கொக்கியா, தெரியவில்லை.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? தரையெல்லாம் தண்ணி!"

"துடைச்சிடுறேன் அத்தை."

"துடைக்கிறது இருக்கட்டும். என்ன ஆச்சு, சொல்லு. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து யாரோ வந்து, அம்மா கூப்பிடுகிறாள் என்றார்கள்.

அவள் ஈரக் கையோடு போய் நாற்காலியருகே குனிந்தாள். அம்மா அவள் காதைத் தன் வாய்க்கருகே இழுத்தாள்.

"பின்னாடி, ரோஜாத் தொட்டிங்களுக்கு அந்தப் பக்கம். மணல் வாளி. மேல சட்டி கவுத்து வெச்சிருக்கேன். ஆண்டெனா அண்ணனை எடுக்கச் சொல்லு, நீ தொடாத."

சொல்லிவிட்டு அப்பாவின் காலரை நேராக்குவதற்குத் திரும்பிவிட்டாள்.

பின்பக்கம் வெயில் அடித்தது. மதிலோரம் பூந்தொட்டிகள், அவற்றுக்கப்பால், வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, இரும்பு வாளி. மேலே பழைய மண்சட்டி ஒன்று கவிழ்ந்திருந்தது. ஆண்டெனா சட்டியை எடுத்து, மணலை விரல்களால் மெதுவாக விலக்கினார். பேட்டரி வெளியே வந்தது. ஊதிப் பெருத்து, மூலைகள் மழுங்கி, நிஜமாகவே ஒரு குட்டித் தலையணை. தன் பையிலிருந்த சின்ன மீட்டரை அதில் சொருகிப் பார்த்தார்.

"ஃபுல்லா இருக்கு," என்றார். "அடேயப்பா. மணலைப் பாத்தியா, நல்லாக் காய்ஞ்ச மணல். ஈரமா இருந்தா ஆபத்து. தண்ணி தொடவே கூடாது, வெயில் படக் கூடாது, அதுக்குத்தான் சட்டி. யாரு சொல்லிக் குடுத்தா உங்கம்மாவுக்கு?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாராவாரம் அப்பா இவரிடம் போனில் மணிக்கணக்காகப் பேசியதெல்லாம் அடுக்களைச் சுவரைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

பேட்டரியின் மிச்ச உயிரை வடிப்பதைக் 'கொல்வது' என்றுதான் அவர்கள் கூட்டத்தில் சொல்வார்கள். ஆண்டெனா அந்தச் சொல்லைத் தொடங்கி, நிறுத்தி, "காலி பண்ணிட்டு வந்துடுறேன்," என்றார். மணலை மறுபடி மூடினார். வாளியைக் கைநீட்டித் தூக்கிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, தெருக்கோடிக் காலி மனையை நோக்கி நடந்தார். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏதோ தேவைக்கு மணல் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அவள் அப்போதுதான் ஒழுங்காக மூச்சுவிட்டாள். உடனே அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

கூடத்துக்குப் போய் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கூட்டம் கொஞ்சம் கலைந்திருந்தது. மின்விசிறி அப்பாவின் முன்நெற்றி முடியை அசைத்துக்கொண்டிருந்தது. அவர் எதையோ யோசிப்பது போலிருந்தது.

"எடுத்தாச்சா?"

"ம்."

"நேத்து அவரு படுத்தப்புறம் வாசனை வந்துச்சு," என்றாள் அம்மா. அவள் குரல் கடைக்குப் போய்வந்த கதை சொல்வது போலிருந்தது. "ரூமுக்குப் போனேன். மேசை மேலதான் கிடந்துச்சு. இடுக்கியால தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வந்தேன்."

"அப்பாவுக்கு..."

"காலைல எழுந்ததும் தேடினாரு. அலமாரி, டப்பா, ஸ்கூட்டரு. கட்டிலுக்கு அடியில பூந்து பாத்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு. 'என்னங்க தேடுறீங்க'ன்னேன். 'ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு'ன்னாரு. சரி, எவ்வளவு நேரம்தான் இந்தப் பொய்ய சொல்றாருன்னு பாப்போம்னு, நான் காப்பி போடப் போயிட்டேன்."

வெளியே ஒரு கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் ஓசை. புதிதாக யாரோ அழுதுகொண்டே படியேறினார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. கீழே கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். மகளின் மூடிய விரல்களுக்குள் அந்த நட்டு இருந்தது, உள்ளங்கையில் அழுத்தியது.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல் சொன்னாள்:

"நான்தான் எடுத்தேன்னு அப்பாகிட்ட சொல்லிடாத, என்ன?"