ரசாக் வீட்டு வெயில்

கோட்டைமேட்டில் ரசாக்கின் வீட்டுக்கு மட்டும் சூரியன் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட அரை மணி நேரம் பிந்தி உதித்தது. முலாம் பூசும் பட்டறையில் அமிலம் தெறித்து அவருக்குப் பார்வை போன மாதத்தில் இது தொடங்கியது. விழிகள் வெளுத்திருந்தன. தெருப் பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று மனைவி ரம்ஜான் பீவி, பக்கங்களும் மூடிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். ரசாக்கின் தூக்கம் நாளுக்கு அரை மணி தள்ளிப்போனது. வீட்டு வெயிலும் கூடவே போனது. நான்காம் வாரத்தில், தெருவிளக்கு எரிந்த பிறகு அவர்கள் மாடியில் இளவெயில் அடித்தது. எதிர்வீட்டுப் பாவாத்தாள் முறத்தில் மிளகாயோடு வந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டு வெயிலு எத்தன மணி வரைக்கும் இருக்குமுங்க?"

"அவரு தூங்கற வரைக்கும் இருக்குங்க. போட்டுட்டுப் போங்க."

நோன்பு வந்ததும் ஜமாத் கூடிப் பேசி, ரசாக்குக்கும் வீட்டு வெயில் அல்ல, பள்ளிவாசல் பாங்குதான் கணக்கு என்றது. ரசாக் அதன்படியே நோன்பிருந்தார். ஆனால் பெருநாள் தொழுகையில் நின்றபடியே தூங்கிப் பக்கத்து ஆள்மேல் சரிந்தார். வீட்டுக்கு வந்து, பெருநாளுக்கு வந்திருந்த மகளிடம் சொன்னது ஒன்றுதான்: "எல்லாரும் முழிச்சிருக்கறப்ப நானும் முழிச்சிருக்கோணும் கண்ணு."

மகள் இஃப்ரா பெங்களூரில் ஒன்பது வருடமாக எலிகளின் விழித்திரையை ஆராய்பவள். உதவாத கண்களை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைக்கலாம் என்று மருத்துவர் குறித்திருந்த தேதியை நாற்பது நாள் தள்ளிவைத்து, அவள் விடுப்பெடுத்துத் தங்கினாள். கண்ணுக்குள் பார்ப்பதற்கு உதவும் செல்கள் வேறு, விடிந்துவிட்டதென்று மூளைக்குச் சொல்லும் செல்கள் வேறு என்று வீட்டில் விளக்கினாள்.

"பார்க்காத கண்ணு எதுக்கு அம்மணி?" என்றார் ரம்ஜான் பீவி.

"பார்க்க வேண்டாம்மா. விடிஞ்சுதுன்னு சொன்னாப் போதும்."

வெளிச்சத்தை மறைத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் பூட்டினாள். சொந்த வீட்டில் அந்நேரம் விடியாததால், தினமும் காலை ஆறரைக்கு அத்தாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய்ப் பாவாத்தாள் வாசலில் கிழக்கு பார்த்து உட்காரவைத்தாள். "எங்க மொளகாய்க்கு உங்க வெயிலு, உங்க கண்ணுக்கு எங்க வெயிலு. சரியாப் போச்சுங்க," என்று பாவாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். ரசாக் அதிலேயே குறட்டை விட்டார். இஃப்ரா தோளைத் தட்டி எழுப்பினாள். இருபது நாள் எதுவும் மாறவில்லை. "எலிகிட்டப் போயேன் கண்ணு, என்னைய உட்டுரு," என்று அவர் கெஞ்சியும் அவள் விடவில்லை. இருபத்தொன்றாம் நாள் வெயில் இருபது நிமிடமே பிந்தியது. அடுத்த வாரம் பத்து. முப்பத்தெட்டாம் நாள் வீட்டுச் சூரியனும் தெருச் சூரியனும் ஒன்றாக உதித்தன. மறுநாளும் அப்படியே. இஃப்ரா மருத்துவமனைக்குப் போன் செய்து அறுவை சிகிச்சையை ரத்து செய்தாள்.

அடுத்த பெருநாளில் ரசாக் கண்ணாடி போடாமல், தொழுகையின் கடைசி சலாம் வரை விழித்திருந்தார். அதன்பின் நான்கு வருடம் இருந்து, ஒரு காலையில் அதே நாற்காலியில் மவுத்தானார். அந்த நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. இன்றும் விடியும்போது தெருவுக்கு இரண்டு நிமிடம் முன்பாக அதன்மேல் வெயில் விழுகிறது. இஃப்ரா ஒரு வருடம் நேரம் குறித்துப் பார்த்தாள், ஒருநாளும் தவறவில்லை. பாவாத்தாள் மிளகாயை இப்போது அதில்தான் காயவைக்கிறார்.