மெத்தை முதலாளியின் இரண்டு குவார்ட்டர்பேக்குகள்

டொலீடோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியில் பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பது என் வேலை. தோற்றால் "பாடம் கற்றோம்" என்று அறிக்கை எழுதுவேன். கேவலமாகத் தோற்றால் "நிறையப் பாடம் கற்றோம்". அந்த வருடம் நாங்கள் கற்றதற்குப் பல்கலைக்கழகமே திறந்திருக்கலாம்.

எங்களிடம் உருப்படியான குவார்ட்டர்பேக் இல்லை. பந்தை எறிய வேண்டியவர் அவர்தான். எங்களவர் எறிந்தால் அது நேராக எதிரணிக்காரன் மடியில் போய் உட்காரும். ஆகவே ஏப்ரலில், கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் டிராஃப்டுக்கு முன்பு, முதலாளி வெண்டல் ஸ்ட்ராஸர் கூட்டம் போட்டார். அப்பாவின் மெத்தைத் தொழிற்சாலையோடு அணியும் அவருக்குச் சொத்தாக வந்திருந்தது. ஆட்டத்தைப் பற்றிய ஞானத்தை மட்டும் அப்பா யாருக்கோ எழுதிவைத்துவிட்டார்.

மேலாளர் லானி பிரூவிட், கார்னெல் பிக்ஸ் என்ற கல்லூரிப் பையனைக் கேட்டார். கோச் கஸ் ஹாலர்ன், வேறொரு அணியிலிருந்த முப்பத்தெட்டு வயது டேல் ரூர்க்கைக் கேட்டார்.

"பையன் மூணு வருஷத்துல பட்டையக் கிளப்புவான் சார்," என்றார் லானி.

"மூணு வருஷமா? என் கான்ட்ராக்ட் டிசம்பரோட முடியுதுய்யா. அவன் கிளப்புறத நான் வீட்ல உக்காந்து டிவியில பாக்கணுமா?"

"ரூர்க் முட்டியில இருக்கிற இரும்புக்கு ஏர்போர்ட்டே அலறுது கோச்!"

"உன் ஆளு இன்னும் அம்மாகிட்டதான் துணி துவைக்கக் குடுக்கிறானாம்."

ஸ்ட்ராஸர் மேசையைத் தட்டினார். "எதுக்குச் சண்டை? ரெண்டு பேரையும் எடுத்துக்குவோமே!"

இருவரையும் எடுக்க எதையாவது கொடுக்க வேண்டுமே? குவார்ட்டர்பேக்கை எதிரிகள் நெருங்காமல் முன்வரிசையில் மறித்து நிற்கும் ஐந்து மலைகளில் நல்ல மலைகள் மூன்றை மற்ற அணிகளுக்குக் கொடுத்தோம். "குண்டா இருக்கிறவங்க எங்கயும் கிடைப்பாங்க," என்றார் ஸ்ட்ராஸர். அதை நான் "துணிச்சலான மறுசீரமைப்பு" என்று எழுதினேன்.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. ரூர்க் எறியக் கையை ஓங்குவார். கை கீழே வருமுன் ஆளே கீழே கிடப்பார். மூன்றாவது ஆட்டத்தில் விலா எலும்பில் விரிசல் விழுந்து ரூர்க் வெளியேற, கார்னெல் உள்ளே போனான். முதல் முறையே மல்லாந்து விழுந்தான். முன்வரிசையில் மிஞ்சியிருந்த ஓட்டிஸ் பிரெங்கல் ஓடிவந்து தூக்கினார்.

"எங்கண்ணே போயிட்டீங்க?"

"ரெண்டு பேர் வந்தாங்கப்பா. நான் ஒருத்தன்தானே?"

ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வார்கள் என்று நகரமே காத்திருந்தது. சிகிச்சை அறையில் இருவரும் ஐஸ் பைகளுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள்.

"உனக்கு எங்கடா வலி?" என்றார் ரூர்க்.

"எங்க வலிக்கலன்னு கேளுங்க. சீக்கிரம் சொல்லி முடிச்சிடுவேன்."

"அடேய், சிரிக்க வைக்காத. விலா போயிடும்."

மறுநாள் இருவரும் சேர்ந்தே நொண்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்கள், தடுப்பதற்கு ஆள் வேண்டும் என்று. ஸ்ட்ராஸர் கவனமாகக் கேட்டார். "புரியுது. மூணாவதா ஒரு குவார்ட்டர்பேக் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார்.

வெளியே வந்ததும் கார்னெல் தன் செலவில் முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரையும் பார்பிக்யூ கடைக்குக் கூட்டிப்போனான். புதிதாக வந்த மூவரின் பெயரை அவர்களுடைய கோச்சே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; அன்று கார்னெல் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். எதிரிகள் எந்தப் பக்கமிருந்து பாய்வார்கள், யாரை யார் பிடிப்பது என்று ரூர்க் சாஸ் பாட்டில்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். கடையை மூடும்வரை வாக்குவாதம் நடந்தது.

அடுத்த ஞாயிறு பதின்மூன்றுக்குப் பத்து என்று ஜெயித்தோம். கார்னெல் நான்கே முறைதான் விழுந்தான். எங்கள் அணிக்கு அது திருவிழா. ஆட்டம் முடிந்ததும், ஜெயிக்க வைத்தவருக்குக் கொடுக்கும் வெற்றிப் பந்தை ஓட்டிஸின் கையில் வைத்தான்.

"பதினோரு வருஷம் ஆடுறேன். இதை இன்னிக்குத்தான் கையில வாங்குறேன்," என்று சொல்லி, அந்த முந்நூற்றிருபது பவுண்டு மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். கேமராக்களைக் கண்டதும் ஸ்ட்ராஸர் ஓடிவந்து படத்தில் ஓட்டிஸை ஒட்டி நின்றுகொண்டார்.

பத்திரிகைக்கு அனுப்பியபோது படத்தை வெட்ட வேண்டியிருந்தது. நானே வெட்டினேன். ஓட்டிஸும் பந்தும் முழுதாக இருந்தார்கள்.