ஏழாவது துளை

என் கொழுந்தனின் வேலைக்கு உலை வைத்தது நான்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீராவி டர்பைனுக்கான நாசிலைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. நாசில் என்றால் நடுவில் இடுப்புபோல ஒடுங்கி, பிறகு விரியும் குழாய். இடுப்பைத் தாண்டியதும் நீராவி ஒலியைவிட வேகமாக ஓடும். ஓட ஓட அழுத்தம் குறைய வேண்டும். அதை அளக்கக் குழாய்ச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு பொடித் துளைகள். போட்டவன் என் கொழுந்தன்; ஒரு வருடத் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஃபிட்டர்.

மற்ற துளைகள் என் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயின. ஏழாவதில் மட்டும் இறங்க வேண்டிய அழுத்தம் ஏறி, வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தது. மீட்டரை இரண்டு முறை மாற்றினேன். அதே கதை. துளை விளிம்பில் பிசிறு இருந்தால் இப்படிக் காட்டும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ‘துளையிட்டதில் குறை’ என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே!

மறுநாள் காலை அவன் என் மேசைக்கு வந்தான். அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்று மதியம் முடிவாக வேண்டும்.

“மேடம், நாசிலைப் பிரிச்சு லென்ஸ் வச்சுப் பாத்துட்டேன். பிசிறே இல்ல.”

“உன் கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?”

“சரி, ஆவிய இன்னும் இருபது டிகிரி சூடாக்கி விட்டுப் பாருங்க. தப்பு துளையில இருந்தா மேடு ஏழாவதுலயே நிக்கணும். துளை எந்திரிச்சு நடக்காதுல்ல?”

மறுபடி பூட்டி ஓட்டினோம். மேடு ஒன்பதாவது துளைக்குப் போயிருந்தது. ஏழாவது சமர்த்தாக இறங்கியிருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. விரியும்போது ஆவி குளிர்ந்து, ஓரிடத்தில் சட்டென்று கோடிக்கணக்கான நீர்த்துளிகளாகிறது. அப்போது வெளிவரும் வெப்பம்தான் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. கூடுதலாகச் சூடாக்கினால் துளிகள் தள்ளிப்போய்ப் பிறக்கும். நாசிலைக் கடக்கிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துளி பிறக்க ஏது நேரம் என்று நினைத்து, முழுவதும் உலர்ந்த ஆவியாகவே வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். படித்த நான் செய்த தப்பை, ட்ரில் பிடித்தவன் தலையில் கட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அவனையும் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். “தப்பு என் கணக்குல சார். துளை சுத்தமா இருக்கு” என்று சொல்லி, அதையே எழுதியும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வேறு ஏதாவது வேண்டுமா என்று அவனிடம் கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு சார். என்னை வேற பிரிவுக்கு மாத்திடுங்க.”

வராந்தாவில் அவனை மறித்தேன். “அதான் எழுதியே குடுத்துட்டேனே, இன்னும் என்ன கோபம்?”

“கோபமெல்லாம் இல்ல அண்ணி. கணக்கு யாருக்கும் தப்பும். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டீங்க. வீட்ல எப்பவும்போல இருப்போம். இங்க உங்களுக்குக் கீழ வேணாம்.”

மாற்றல் படிவத்தில் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அது நான்தான். போட்டேன்.