ஹேடே உள்ள பக்கம்

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துவது இரண்டு பேர் வேலை. ஒருவர் அச்சுத்தாளை உரக்கப் படிப்பார், கால்புள்ளி அரைப்புள்ளி உட்பட. மற்றவர் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துவார். ஆட்குறைப்பில் படிக்கிறவர் போய்விட்டார். அதனால் ஞாயிறு காலைகளில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கிறார். மோட்டார் பம்பு விற்கிற மனிதர். ஆனாலும் படித்தால் கணீரென்று இருக்கும்.

போன வாரம் அவருடைய கம்பெனி விழாவில் அவருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். 'இவருடைய ஹேடேயைப் போற்றி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அந்தச் சொல்லை அகராதிக்கு எழுதியவளே நான்தான். ஆதியில் அது குதூகலத்தில் போடும் வெறும் கூச்சல். அதில் நாளும் இல்லை, கிழமையும் இல்லை. பின்னால் வந்தவர்கள் 'டே' என்றால் நாள்தானே என்று எடுத்துக்கொண்டு, ஒருவருடைய உச்சக் காலத்துக்கு அதை வைத்துவிட்டார்கள். அதோடு ஒரு குறிப்பும் சேர்த்திருந்தேன்: பெரும்பாலும் முடிந்துபோன காலத்தையே குறிக்கும். எழுதிய அன்றைக்கு அந்தக் குறிப்புக்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இந்த ஞாயிறு படிக்க வேண்டிய அச்சுத்தாள்களில் அந்தச் சொல் உள்ள பக்கமும் இருந்தது. நைசாக உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் காலம் முடிந்தது என்று கம்பெனி வாய்விட்டுச் சொல்லும்வரையாவது மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும்.

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தவர் நிறுத்தினார்.

"பதிமூணு எங்க?"

ஆபீசிலேயே தங்கியிருக்கும் என்றேன். பொய் சொல்ல எனக்கு என்றைக்குமே வராது. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

ஒரே குரலில் படித்தார். சொல், கூச்சல், குறிப்பு, கடைசி முற்றுப்புள்ளி வரை. நான் தலையைத் தூக்கவில்லை. பிழை ஒன்றும் இல்லை.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றார். "இந்த மாசத்தோட வேலை முடியுது. ஷீல்டு கொடுக்கறதுக்கு முன்னாடியே மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டார்."

அப்புறம் ஏன் ஒரு வாரமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"முன்வரிசையில உட்கார்ந்து நீ கைதட்டிக்கிட்டிருந்த," என்றார். "அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"