ஐஸ் லோடு

பெட்டிக்கு அளவெடுக்க வந்த ஆசாரி, டேப்பின் ஒரு நுனியை ஜெபராஜின் கையில் கொடுத்து, "தலைப்பக்கம் பிடிங்க தம்பி" என்றார். ஜெபராஜ் பிடித்தான். பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பா வேதசிரோமணி, உயிரோடு இருந்தபோது இவ்வளவு நீளமாக இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. "அஞ்சடி ஒன்பது" என்று சொல்லிக்கொண்டே ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்தார். மேற்குத் தாம்பரத்து அந்தச் சின்ன வீட்டில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் வாசலில் குடைகளோடு நின்றார்கள்.

நேற்று மத்தியானம் மனிதர் நன்றாகத்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அம்மா ஞானஜோதியும் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளும் கூட வர, மாம்பாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார். திரும்புகையில் பஸ் வரவில்லை. நின்று நின்று அலுத்துப்போய், அடுத்த நிறுத்தம் வரை நடக்கலாம் என்று நடந்திருக்கிறார்கள். கண்டிகை வருவதற்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

இந்த வார்த்தையை வருகிறவர்களுக்கெல்லாம் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜெபராஜ் ஓட்டுவது கோவளத்து மீன் கம்பெனியின் வேன். கரைக்கு வந்த மீனைக் கூடைகளில் ஐஸ் கொட்டி ஏற்றி, கேளம்பாக்கம், மாம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, தெற்கே போகிற ரயிலில் சேர்க்க வேண்டும். ரயில் மூன்றே நிமிஷம் நிற்கும். விட்டால் அத்தனை கூடையும் குப்பைமேட்டுக்குத்தான். வழியோ வெறும் பொட்டலும் முள்காடும். மைல் கணக்கில் ஒரு வீடு கிடையாது, எப்போதோ வருகிற பஸ்ஸை விட்டால் வேறு வண்டி கிடையாது. அதனால் நடந்து போகிறவர்கள் எல்லோரும் வேனைக் கண்டால் கை காட்டுவார்கள். ஒருவருக்கு நிறுத்தினால் ஒன்பது பேருக்கு நிறுத்த வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்த வேனை ஓட்டிய வேதசிரோமணி இதற்கு ஒரு வழி பண்ணியிருந்தார். நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக இரண்டு. ஐஸ் லோடு வருகிறது, நிற்காது, வழி விடு என்று அர்த்தம். ஜனங்களும் பழகிப்போய் கோபிக்காமல் ஒதுங்கினார்கள். காலி வண்டியோடு திரும்பும்போது வழியில் நிற்கிற அத்தனை பேரையும் ஓசியில் ஏற்றிக்கொண்டு போவார். கண்ணில் புரை விழுந்து அவர் வண்டியை விட்டு இறங்கினதும், வேனும் ஹாரனும் மகனுக்கு வந்தன.

நேற்று ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மாம்பாக்கம் தாண்டி, கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. நடுரோட்டில் உயர்ந்து அப்படியும் இப்படியும் ஆடியது. ஜெபராஜ் ஹாரன் அடித்தான். ஒரு நீளம், இரண்டு குட்டை. குடை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தாழ்ந்து ஓரமாகப் போய்விட்டது. நல்ல ஜனங்கள், சொன்னால் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைத்தபடி அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

நினைத்தானே, அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை. புளியமரம் எங்கே என்று நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட நொடியிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விளங்கியதா என்பதுதான் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் பெரிய ரோட்டில் அந்த ஹாரனைக் கேட்டுத்தான் அவள் உலை வைப்பாள். நேற்றிலிருந்து அவனிடம் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "தலையைத் துவட்டு."

போதகர் வந்து அம்மாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ்வளவு நேரத்துல ஒரு வண்டிகூடவா வரலம்மா?"

அம்மா பேசுவதற்குள் கிளியம்மாள் முந்திக்கொண்டாள். "வந்துச்சே ஐயரே! நான் மாட்டு வண்டி எதுனா கெடைக்குமான்னு மாம்பாக்கத்துப் பக்கம் திரும்பி ஓடிகினு இருந்தேன். எதுக்கால ஒரு வேன் வந்து என்னத் தாண்டிகினு போச்சு. மழைல இன்னா வண்டின்னே தெர்ல. அப்பாடா, டீச்சரம்மா நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். நிக்காமப் பூட்டானே பாவி! அவன் நல்லா இருப்பானா?"

சொல்லிவிட வேண்டும், எல்லோர் முன்னாலும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஜெபராஜ் எழுந்தான். "கிளியக்கா, அது..."

"வேன் எதுவும் வரல, கிளி" என்றாள் அம்மா.

"இன்னா டீச்சரம்மா, என் கண்ணால பாத்தேனே..."

"நடுவுல எங்கயாவது திரும்பியிருக்கும். நாங்க இருந்த எடத்துக்கு வரல. ரோடு காலியாதான் கெடந்துது ஐயா."

முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல் அது. கிளியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். போதகர் வேதாகமத்தைப் பிரித்தார். எழுந்தவன் உட்காரவும் தெரியாமல் அப்பாவின் காலடியில் நின்றான். அம்மாவுக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்தால் கிளியம்மாளோடு சேர்ந்து அவளும் சபித்திருப்பாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தேங்கிய நீரை இரண்டு பேர் வாளியால் இறைத்த பிறகுதான் பெட்டியை இறக்க முடிந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். கிளியம்மாள் சோறும் மிளகு ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்மா தட்டைப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நேத்து ரயிலப் புடிச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

"புடிச்சேன்மா."

அம்மா தலையாட்டினாள். "ஹாரன் கேட்டதும் அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. பேச முடியல. ஓரமா வா, ஓரமா வான்னு கையை ஆட்டினார். நான் நகரலன்னதும், மூச்சைப் புடிச்சுகிட்டு 'பையனுக்கு ரயில் போயிடும்டி'ன்னார். நானும் ஒதுங்கிட்டேன். அதுக்கப்புறம் அவர் எதுவும் பேசல."

ஜெபராஜ் அடுத்ததை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"ரயில் நாப்பது நிமிஷம் லேட்டும்மா."

அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.