இரவல் சிரிப்பு

ரிட்டர்ன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வீட்டிலும் கடையிலும் ஒரே பெயர்தான்: உம்மணாமூஞ்சி. அவள் கோபக்காரி ஒன்றும் இல்லை. வாயின் இரண்டு ஓரங்களும் பிறவியிலேயே கீழ்நோக்கி இறங்கியிருந்தன, அவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கும்போதும் யாரோ செத்த வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி இருப்பாள். அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் மாப்பிள்ளையைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதனால் ஊரே முகக்கவசத்தைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தாள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது, காதுக்குப் பின்னால் கயிறு அறுத்தது, காலையில் சாப்பிட்டதன் வாசனை மத்தியானம்வரை கூடவே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். "ஏன் உம்முனு இருக்கே, கொஞ்சம் சிரியேன்" என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. பஸ்ஸிலும் லிஃப்டிலும் எல்லாருக்குமே கண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளும் நாலு பேரைப் போல ஆகியிருந்தாள்.

அந்த நிம்மதிக்குத்தான் முதலாளி உலை வைத்தார்.

மருத்துவச் சாமான்களை வாடகைக்கு விடுகிற கடை அது. சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், எல்லாவற்றுக்கும் மேலே ஆக்சிஜன் மெஷின். முதலாளி தன்னைக் கடைக்காரர் என்று ஒருநாளும் நினைத்துக்கொண்டது கிடையாது. "நாம குடுக்கிறது மெஷின் இல்ல, நம்பிக்கை" என்பார். வாடகையை மட்டும் மெஷினுக்கு வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் அவருக்கு ஞானோதயம் ஏற்பட்டது. ஊழியர்களைக் கூட்டி, "நம்ம சிரிப்பை இந்த மாஸ்க் திருடிட்டுப் போயிடுச்சு. திருடினதை அதுமேலயே ஒட்டிடுவோம்" என்றார். போட்டோக்காரர் வந்தார். ஒவ்வொருவரின் சிரிப்பையும் படம் பிடித்து, அதே அளவில் துணி முகக்கவசத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

உம்மணாமூஞ்சி விளக்குக்கு முன்னால் நின்றாள். "ஈ... சொல்லுங்கம்மா" என்றார் போட்டோக்காரர். சொன்னாள். திரும்பச் சொன்னாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சார், இவங்க சிரிக்காம இருந்தாலே பரவாயில்ல போல இருக்கு" என்றார். முதலாளி அசரவில்லை. கேஷியர் பெண்ணின் சிரிப்பையே இவளுக்கும் போடச் சொல்லிவிட்டார். அன்று முதல் அவள் இன்னொருத்தியின் பல்லை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதோடு வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்த கணவன் ஒரு எட்டு பின்னால் போய், "யாருங்க வேணும்?" என்றான்.

பாவம், அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் வேன் உறை போர்த்திக்கொண்டு தூங்கியது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். அவளோ தற்காலிக ஊழியர். திங்கட்கிழமைதான் முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "இந்த ஒரு வாரம் கேமராவில பாப்பேன். கவுண்டர்ல முகம் சரியா இருந்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற முகம் பாத்துக்கறேன்."

ரிட்டர்ன் கவுண்டருக்கு இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள். நோயாளி எழுந்து நடந்த வீட்டுக்காரர்கள் ஒயரையும் குழாயையும் அள்ளித் திணித்து, தொலைந்தது சனியன் என்று மெஷினைத் தள்ளிவிட்டுப் போவார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் மெஷினைத் துடைத்து, குழாயை வட்டமாகச் சுற்றிக் கட்டிக் கொண்டுவருவார்கள். அவர்களுக்குச் செய்ய வேறு வேலை இருந்திருக்காது. ஒயரைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எல்லாரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை: "நன்றி! மறுபடியும் வாங்க!" சுற்றிக் கட்டிய குழாய் வந்தால் அந்த வாசகத்தை அவள் முகக்கவசத்துக்குள்ளேயே முனகி விழுங்கிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை, வரிசையில் நீலச்சட்டைக்காரர் ஒருவர் மெஷினைக் கவுண்டர் மேல் வைத்தார். கண்ணாடி மாதிரித் துடைத்திருந்தது. வட்டமாகச் சுற்றிய குழாயைப் பெண்கள் கொண்டைக்குப் போடும் ரப்பர் பேண்ட் ஒன்றால் கட்டியிருந்தார். பேண்டில் ஒரு நீளமான முடி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. "கஸ்டமரை நிமிர்ந்து பாருங்க." கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி.

நிமிர்ந்தாள். நீலச்சட்டைக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?"

"சிரிக்கலண்ணா. துணியில அச்சடிச்சிருக்கு."

"தெரியுது. அதை எடு."

"மாஸ்க்கை எடுக்கக் கூடாதுண்ணா..."

"மாஸ்க்கை எடுக்கச் சொல்லலம்மா. சிரிப்பை எடு."

அவள் உள்ளங்கையால் வாயை மூடினாள். ஸ்பீக்கர் உடனே, "கையை எடுங்க, சிரிப்பு மறையுது" என்றது. கடை முழுவதும் கேட்டது. "வாசகம் சொல்லுங்க. நன்றி, மறுபடியும் வாங்க. ம்ம், சொல்லுங்க!"

"என்னது?" நீலச்சட்டைக்காரரின் குரல் தணிந்தது. அந்தத் தணிவுதான் பயமாக இருந்தது. "மறுபடியும் வரணுமா? வீட்ல இன்னும் யாரு மிச்சம்னு வரணும்?"

அவர் இரண்டு கைகளையும் மெஷினுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். முழங்கையில் நரம்பு புடைத்தது. வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். தரையில் ஒட்டியிருந்த வட்டங்களில் ஆளுக்கொரு வட்டம் பின்னால். உயிர்ப்பயத்திலும் இடைவெளி குறையவில்லை.

உம்மணாமூஞ்சி கணக்குப் போட்டாள். மெஷின் விழுந்தால் பழி அவள் தலையில். முகக்கவசத்தைக் கழற்றினால் மேலே கேமரா. எந்தப் பக்கம் போனாலும் வேலைக்கு வேட்டு.

அந்த நேரம் பார்த்து முதலாளி வெளியே வந்தார். அவருடைய முகக்கவசம் தனி ரகம். சிரிப்பு காதுக்குக் காது ஓடியது. பற்களைக் கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்து, அதிகப்படியாகவும் சிலவற்றைச் சேர்த்திருந்தார்கள்.

"சார்," என்று கை கூப்பினார், "உங்க துக்கத்துல எங்க நிறுவனம் மனப்பூர்வமா பங்கெடுத்துக்குது."

அத்தனை பல்லும் தெரியச் சொன்னார்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, பயந்து அதை இருமலாக மாற்றினார்கள். இருமலைக் கேட்டதும் எல்லாரும் இன்னொரு வட்டம் பின்னால் பாய்ந்தார்கள்.

மெஷின் நீலச்சட்டைக்காரரின் தோள் உயரத்துக்கு ஏறியது. முதலாளியின் கண்கள் உயிர்ப்பிச்சை கேட்டன. வாய் பற்பசைக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தது.

உம்மணாமூஞ்சி எழுந்தாள். ஒரு காதிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். மறு காதிலிருந்தும் கழற்றினாள்.

கவுண்டரின் பிளாஸ்டிக் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் பார்த்தார். அவள் முகத்தை எதற்கும் தயார் செய்யவில்லை. அது எப்போதும்போலத்தான் இருந்தது, வாயின் ஓரங்கள் தொங்கிப்போய். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை நாளாக அவர் வீட்டுக்கு வந்தவர்களும் போனில் பேசியவர்களும் தைரியம்தான் சொல்லியிருப்பார்கள் போலும். இப்படி ஒரு முகத்தை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

அவள் முகக்கவசத்தை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டாள். வெறும் வெள்ளைத் துணி.

"வெச்சிடுங்கண்ணா. கை வலிக்கும்."

மெஷின் மெல்ல இறங்கியது.

"ராத்திரியெல்லாம் இது கொர்ருனு சத்தம் போட்டுட்டே இருக்கும்," என்றார் அவர். "எப்படா நிறுத்துவோம்னு இருக்கும். இப்ப சத்தம் இல்லாம தூக்கம் வரல." பிறகு, "அந்த ரப்பர் பேண்டை மட்டும் எடுத்துக்கறேன்மா."

திரும்பி வருகிற எதன் மேலும் மருந்து தெளிக்க வேண்டும் என்பது விதி. அவள் தெளிக்கவில்லை. பேண்டைக் கழற்றி, முடியோடு அப்படியே கொடுத்தாள். அவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்திருந்த முதலாளிக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. திருப்பிப் போட்டால் ஆள் அடங்குகிறான்! அவசர அவசரமாகத் தன் முகக்கவசத்தையும் கழற்றித் திருப்பி மாட்டினார். ஆனால் முதலாளி ஒரு அங்குல இடத்தைக்கூட வீணாக்குகிறவர் இல்லை. தன்னுடையதில் உள்புறமும் அச்சடிக்கச் சொல்லியிருந்தார். நீலச்சட்டைக்காரர் அதை நிதானமாகப் படித்தார்: *நன்றி! மறுபடியும் வாங்க!* அதற்குக் கீழே போன் நம்பர்.

உம்மணாமூஞ்சியின் கை மெஷினைப் பிடித்துக்கொண்டது.

நீலச்சட்டைக்காரர் அவள் பக்கம் திரும்பி, "பாவம்மா நீ" என்றார். போய்விட்டார்.

மாலையில் கண்ணாடி அறைக்குள் அழைப்பு வந்தது. சீட்டு கிழிந்தது என்றே நினைத்துக்கொண்டு போனாள். வேனின் உறை கண்முன்னால் வந்து நின்றது.

"கேமரா முன்னாடி மாஸ்க்கைக் கழட்டினீங்க."

"ஆமா சார்."

"அந்த ஆள் எப்படி அடங்கினான், பாத்தீங்களா!" முதலாளியின் கண்கள் பளபளத்தன. "எனக்கு அப்பவே தோணிடுச்சு. ரிட்டர்ன் கவுண்டருக்குத் தனி மாஸ்க். அனுதாப மாஸ்க்! உங்க மூஞ்சியையே அடிச்சிடலாம். நாளைக்கு போட்டோக்காரர் வர்றார். இதே மூஞ்சியோட வாங்க, மாத்திடாதீங்க. படம் நல்லா வந்தா அங்கேயே நிரந்தர ஆர்டர்ல கையெழுத்து."

மறுநாள் அதே விளக்கு, அதே போட்டோக்காரர். முகக்கவசத்தைக் கழற்றி நின்றாள். பிறந்தது முதல் செய்துவந்த வேலை. இதில் தவற என்ன இருக்கிறது?

"இன்னும் கொஞ்சம் சோகம் வேணும்," என்றார் முதலாளி, போட்டோக்காரரின் தோளுக்குப் பின்னாலிருந்து. "என்னைப் பாருங்க. இப்படி. உள்ளேயிருந்து வரணும்." கழுத்தைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, துக்கத்தை நடித்துக் காட்டினார். புருவத்துக்குக் கீழே அத்தனை பல்லும் ஜொலித்தது.

அவள் வேன், அடுப்பு, கையெழுத்து என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள்.

"சார், நீங்க மாஸ்க்கைத் திருப்பிப் போட்டுக்கங்க சார், ப்ளீஸ்," என்றாள்.

முதலாளி திருப்பிப் போட்டுக்கொண்டார். *நன்றி! மறுபடியும் வாங்க!*

போட்டோக்காரருக்குச் சிரிப்பு முட்டி, கையில் கேமரா குலுங்கியது. யார் சொல்லியும் மேலே ஏறாத அந்த வாயோரங்கள் இரண்டும் யாரும் கேட்காமலே ஏறின.

"சிரிக்காதீங்க! வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார்," என்றாள், கண்ணில் நீர் வழிய. "சத்தியமா வேணும் சார்." சிரிப்பு நிற்கவில்லை.